விரதம் பிடிக்காத பெட்டி

இன்று காலை பட்டறையின் பின்பக்கம் போய் அந்தப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். நனைந்த தென்னந்தும்பின் மணம் வந்தது. ரெசின் மணம் துளியும் இல்லை. உன்னிடம் சொல்ல வாயெடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அச்சுவேலியில் நாம் இருவரும் பைபர் படகு கட்டத் தொடங்கிய புதிதில் படகுக்குப் பூசும் ரெசினின் மணம் தெருமுனை வரை போகும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம். ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார். "தம்பியவை, நான் சண்டைக்கு வரேல்லை. எனக்கு மூச்சு விட வேணும். உந்த மணம் நிக்காட்டிப் பிரதேச சபைக்குப் போவன்."

நீதான் திருநெல்வேலியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் விசாரித்து வந்து பெட்டியைச் செய்தாய். பட்டறைக் காற்றைக் காற்றாடி இழுத்து, தும்பும் மக்கிய கூட்டெருவும் நிரப்பிய ஈரப் பெட்டிக்குள் அடியால் ஊதும். அந்த ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் ரெசின் ஆவியைத் தின்றுவிடும் என்றாய். நான் நம்பவில்லை. சில கிழமைகளில் அக்கா ஜன்னலைத் திறந்து வைத்தார்.

பிறகு எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறியது. திருவிழா முடியும்வரை பட்டறையைப் பூட்டுவதும், பூட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்துவதும் எங்கள் வழக்கம். அப்படியே செய்தோம். தீர்த்தத் திருவிழா முடிந்து வந்தபோது தும்பு காய்ந்து, நுண்ணுயிர்கள் செத்துக் கிடந்தன. அதைக் கவனிக்காமல் ரெசின் கலந்தோம். அன்று மாலை மூச்சுத் திணறிய அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"கொடியேறினால் உதுகளுமோ மச்சான் விரதம் பிடிக்கிறது?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது; தும்பை நனைக்கத் தொடங்கினேன். அக்கா வீடு திரும்பியதும் வேலியடிக்குப் போய், "இனி மணம் வந்தால் நாங்களே பட்டறையைப் பூட்டிறம்" என்று வாக்குக் கொடுத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

அதன்பின் காற்றாடியை நாம் நிறுத்தியதே இல்லை. எங்கள் திருவிழா நாட்களில் நீ உன் ஊரான குருநகரிலிருந்து பஸ்ஸில் வந்து தும்பை நனைப்பாய். காற்றாடியின் வாயருகே ஒரு சிறு தகரப் பேணி ரெசினைத் திறந்து வைப்பாய். "சாப்பாடு வைச்சிட்டன்" என்று போனில் சொல்வாய். உங்கள் தேவாலயப் பெருநாளுக்கும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் அது என் முறை.

உன்னை அடக்கம் செய்த கிழமை முழுக்கப் பட்டறையைப் பூட்டிவிட்டேன். பெட்டியின் நினைவே வரவில்லை. திரும்பி வந்து பயந்து பயந்து மூடியைத் திறந்தேன். தும்பு ஈரமாக இருந்தது. அக்காவின் தண்ணீர்க் குழாய் வேலிக்கு மேலால் வந்து பெட்டியருகே கிடந்தது.

"அந்தத் தம்பி எனக்குத் தந்த வாக்கெல்லோ," என்றார் அக்கா. "அவர் இல்லாட்டி ஆர் பாக்கிறது? நான்தான் தண்ணி விட்டனான்."

அங்கேயே நின்று அழுதேன்.

நாளை கொடியேற்றம். பின்வளவுக் கதவின் பூட்டுத் திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தண்ணீர் அவர் பொறுப்பு, பேணி என் பொறுப்பு. நீ என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு இப்போது எனக்கும் அக்காவுக்குமானது. இன்றைக்குச் சாப்பாடு வைச்சாச்சு, மச்சான்.