போதகர் ஐயாவுக்கு எதிராக நான் தூக்கிய கை

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முட்டி வலி ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் வேண்டிக்கொள்கிறோம். போனில் நீ இரண்டு தரம் கேட்டும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். நம் போதகர் ஐயாவைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டோம். இறக்கியவர்களில் உன் அப்பாவும் ஒருவன்.

ஐயாவுக்கு ஒரு வருஷமாகவே மறதி. மைக் பெட்டிப் பக்கத்தில் உட்காருகிறவன் என்பதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரே வசனத்தை இரண்டு தரம் வாசிப்பார், நான் மெல்ல இருமுவேன், சுதாரித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவார். இப்படி ஆறேழு மாதம் இருமியே ஒப்பேற்றினேன். இன்னும் கொஞ்ச நாள் இருமினா உங்களைத்தான் ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லுவாங்க என்று உன் அம்மா சிரித்தாள். பிறகு சிரிக்க முடியாமல் போயிற்று. தையற்காரர் மனைவியை அடக்கம் பண்ணின அன்று, இறந்தவள் பேருக்குப் பதிலாக, குழியோரம் அழுதுகொண்டு நின்ற அவள் மகளின் பேரைச் சொல்லி, இவளை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கிறோம் என்று ஜெபித்துவிட்டார். அந்தப் பெண் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுவாரம் கமிட்டி கூடியது. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், எனக்கு வேலை போய்ச் சுருண்டு கிடந்தபோது மூன்று மாதம் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், அவருக்கு எதிராகக் கை தூக்கினேன். தூக்காமலும் இருக்க முடியவில்லை குட்டி, அந்தப் பெண்ணின் முகம் கண்முன் நின்றது. சேதி சொல்லப் போனபோது காய் நறுக்கிக்கொண்டிருந்த போதகரம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. உங்ககிட்ட இதை நான் எதிர்பாக்கலண்ணா என்று மட்டும் சொன்னார்கள். உன் அம்மாவும் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சபை இரண்டாகிவிட்டது. பன்னிரண்டு குடும்பம் வருவதே இல்லை. புதிதாக வந்த இளம் போதகர், பாவம், முதல் ஞாயிறு காலிப் பெஞ்சுகளுக்குத்தான் பிரசங்கம் பண்ணினார். வேறு வழி தெரியாமல், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடி ஜெபிப்போம் என்றார். வந்தவர்களும் இடப்பக்கம் ஒரு கட்சி, வலப்பக்கம் ஒரு கட்சி. எனக்கு ஜெபமே வரவில்லை, கண்ணை மூடினால் போதகரம்மாவின் குனிந்த தலைதான் தெரியும். மூன்று வாரம் சும்மா முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

நாலாவது வெள்ளி ஐயா தாமாகவே நடந்து வந்துவிட்டார். ஒரு காலில்தான் செருப்பு. என்ன விசேஷம், எதுக்குக் கூடியிருக்கீங்க என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான், புதுப் போதகர் வந்திருக்காருங்க ஐயா, அவருக்காக ஜெபிக்கிறோம் என்றேன். அடடா, பழகின ஆளை ஜனங்க லேசுல விடமாட்டாங்களே, வந்தவருக்குக் கஷ்டமாச்சே என்று சொல்லி, இளம் போதகர் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். இந்த ஜனங்களை இவருக்குக் கொடும், இவரை இவங்களுக்குக் கொடும் என்று கேட்டார். ஒரு சொல் தடுமாறவில்லை. அந்தப் பழகின ஆள் தாம்தான் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இளம் போதகர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றுதான் எனக்கும் ஜெபம் வந்தது, மன்னியும் என்கிற ஒரே சொல்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு குடும்பம் திரும்பி வந்தது, மற்றவர்கள் வரவில்லை. ஐயாவும் போதகரம்மாவும் அடுத்த மாதம் தங்கள் மூத்த மகன் வீட்டுக்கே போகிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து ஐயாவைக் கைபிடித்து வீட்டில் விட்டது நான்தான். வாசலில் என் முகத்தை உற்றுப் பார்த்து, தம்பி நீங்க யாரு வீட்டுப் பிள்ளை என்றார். அறுபத்துமூன்று வயதில் என்னத்தைச் சொல்ல. உங்க வீட்டுப் பிள்ளைதான் ஐயா என்றேன். அப்ப ஏன் வெளியவே நிக்கிற, உள்ள வா என்றார்.

அவர்கள் கிளம்புமுன் நீ ஒரு கடிதம் போடு. நீ யாரென்று ஐயாவுக்குத் தெரியாது, பரவாயில்லை, போதகரம்மா வாசித்துக் காட்டுவார்கள். மறந்துவிடாதே. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

என்றும் உன் நினைவோடு,
அப்பா