ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்

அத்தை,

காலையில் கேம்ப் ரோடு முனையில் நுங்கு வாங்கினேன். வண்டிக்காரர் சீவிய வேகத்தில் நீர் தெறித்துக் கையில் பட்டது. அந்த வாசனை வந்ததுமே உங்கள் குரல் கேட்டது. "நுங்கெல்லாம் தண்ணியில சேராதுடி, அது பழம்." நான் விட்டேனா? இரண்டு நுங்குக்கு அரை டம்ளர் என்று உங்கள் தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொண்டவள் நான்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோதே நாம் நல்லதாகப் பேசிக்கொண்டதில்லை, இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? நடந்ததை எழுதுகிறேன்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. "இதயம்னா ஒரு மோட்டார் இல்லம்மா, ரெண்டு. உடம்பைச் சுத்தி வந்த ரத்தத்தை வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும். அங்க அது காத்தை ஏத்திக்கும். இடது பக்கம் அதை எடுத்து மறுபடி உடம்புக்கு அனுப்பும். உங்களுக்கு இடது பக்கம் வீக். வலது அனுப்பறதை இது தள்ள மாட்டேங்குது. ரத்தம் நுரையீரல்லயே தேங்கி, தண்ணி கசியுது. அதான் மூச்சு வாங்குது."

"எங்க தெரு மாதிரின்னு சொல்லுங்க," என்றீர்கள். "ஏரிக்குப் போற கால்வாய் அடைச்சா வீட்டுக்குள்ளதான் ஏறும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரியா சொன்னீங்க. அதனால ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து."

"அப்புறம் ஏன் எனக்கு இவ்ளோ தாகம்?"

"இதயம் அனுப்பற ரத்தம் பத்தலைன்னதும், உடம்பு காஞ்சுபோச்சுன்னு கிட்னி நினைச்சுக்கும். இருக்கிற தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு, இன்னும் குடின்னு தாகத்தைக் கிளப்பிவிடும்."

உங்கள் காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும். அவ்வளவு நீர். வாயில் மட்டும் எச்சில் கிடையாது. ஆண்டவனுக்குக் கூட இப்படி வக்கிரம் வருமா என்று நினைத்தேன். பிறகு எனக்கே வந்தது.

என் பிரசவத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா இல்லாத பெண் என்பதால் இந்த வீட்டிலேயே எனக்குப் பத்தியம் போட்டீர்கள். சித்திரை வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மாரில் பால் குடிக்கும் பிள்ளை. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர். "பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும். புள்ளைக்குச் சளி பிடிக்கும்." பாத்ரூமில் துணி அலசும் சாக்கில் குழாய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். பின்னால் வந்து நின்று குழாயை மூடினீர்கள். "உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்." அந்த வார்த்தையை இருபத்தெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன்.

போன கோடையில் நீங்களும் அதே பாத்ரூமில் மாட்டிக்கொண்டீர்கள். பக்கெட்டுத் தண்ணீரை மக்கில் மொண்டு வாயருகே கொண்டுபோன நேரம் நான் பிடுங்கினேன். "உங்க நல்லதுக்குத்தான் அத்தை." நீங்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, உங்களுக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தீர்கள்.

உங்கள் பிள்ளை ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து வந்ததும் புகார் சொல்வீர்கள். "டாக்டர் சொன்னதைத்தானேம்மா அவ செய்யறா?" என்பார். அதற்கு மேல் உங்களுக்கு அப்பீல் கிடையாது. உங்களைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன், மாத்திரை தவறியதில்லை, தினமும் எடை பார்த்தேன். அத்தனையும் உண்மை. நீங்கள் கேட்டு, நான் இல்லை என்று சொல்லும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி இருந்ததும் உண்மை.

கடைசி நாள் காலையில் எதிர்வீட்டு அக்கா உங்களைப் பார்க்க வந்தார். நான் சமையலறையில் இருந்தேன். "எதிரி வந்தாக்கூட ஒரு சொம்பு தண்ணி குடுப்பாங்க. இவ தவிச்ச வாய்க்குத் தண்ணி தர மாட்டா," என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா உச்சுக் கொட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் மூன்று மணிக்குக் கேட்டீர்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறியது. "ஒரு வாய் குடேன்டி."

ஒரு நாள் தண்ணீரைக் காலையிலேயே அளந்து பாட்டிலில் ஊற்றிவைப்பது வழக்கம். அன்று அதில் ஒரு டம்ளர் மீதி இருந்தது. டாக்டர் கொடுத்த அளவுக்குள், உங்களுக்குச் சேர வேண்டிய தண்ணீர். கண்ணில் புரை விழுந்த உங்களுக்குப் பாட்டிலின் கோடு தெரியாது. நான் சொல்வதுதான் அளவு.

"இன்னைக்கு முடிஞ்சுபோச்சு அத்தை," என்றேன்.

சண்டைக்கு வருவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "சரி. நீ அளவுல ஏமாத்த மாட்டே."

அப்போதாவது எடுத்து ஊற்றியிருக்கலாம். மனசு வந்தது, கை வரவில்லை. ஊற்றினால் பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று சும்மா இருந்தேன். ஐந்து மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் தாம்பரம் மேம்பாலத்தில் ஊர்ந்தது. ஏழு மணிக்கு முடிந்துவிட்டது.

"இவ்வளவு கறாரா பார்த்துக்கிட்டதாலதான் இத்தனை நாள் இருந்தாங்க," என்றார் டாக்டர். உங்கள் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஒரு டம்ளரால் நீங்கள் பிழைத்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். வறண்ட வாயோடு போயிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். மறுநாள் எதிர்வீட்டு அக்காவே கூட்டத்தில் சொன்னார்: "பெத்த பொண்ணு கூட இப்படிப் பார்த்துக்காது." நான் மறுக்கவில்லை. இன்றுவரை எனக்கு அந்தப் பெயர்தான்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று இரவு ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவருவதற்கு முன், கூடத்தை ஒழிக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அலைந்ததில் தொண்டை காய்ந்துகிடந்தது. மேசை மேல் உங்கள் பாட்டில் அப்படியே இருந்தது. நின்றபடியே எடுத்துக் குடித்துவிட்டேன், அத்தை. கடைசிச் சொட்டு வரைக்கும். அன்றைக்குப் போல எனக்குத் தண்ணீர் ருசித்ததே இல்லை.