ஐந்தாம் அத்தியாயத்துக் கையெழுத்து

திருநகர், மதுரை
10.2.2019, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரர் பாண்டிராஜ் அவர்களுக்கு, முனீஸ்வரி எழுதிக்கொள்வது.

நானும் அத்தையும் நலம். நீங்கள் நலமா என்று எழுதி அடித்துவிட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் ஏதாவது கேட்டால், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் கேட்டால் கும்பிடுகிற கைப்படம் ஒன்று வருகிறது. காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வாசித்தாக வேண்டும். அதனால் ஐந்தாம் அத்தியாயத்தின் மெய்ப்போடு சேர்த்துக் கூரியரில் அனுப்புகிறேன்.

எபிரேயர்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுத வேண்டும், ஜெருசலேமில் ஒரு வருஷம் தங்கினால் போதும் என்று சொல்லிக் கல்லூரியில் விடுப்பு வாங்கிப் போனீர்கள். நீங்கள் நோட்டில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவது, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தட்டச்சு செய்வது என்று பேச்சு. டிசம்பரோடு வருஷம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் நீட்டித்திருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி வந்தது. காரணம் வரவில்லை.

முதல் மூன்று அத்தியாயங்களும் சந்தோஷமாகப் போயின. ஆரம்பத்தில் அந்த மக்கள், உலகத்துக்கே ஒரு கடவுள்தான் என்று சொல்லவில்லை, எங்களுக்கு ஒருவர்தான் என்று சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ் டீச்சருக்கு அதை விளக்கவே வேண்டாம். நமக்குக் கருப்பு. என் பிறந்த வீட்டு வகையறாவுக்கு வேறு சாமி. அந்தச் சாமி பொய் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அங்கே போய்ப் பொங்கல் வைக்கவும் மாட்டீர்கள்.

நான்காம் அத்தியாயத்தில்தான் எனக்கு உறுத்தல் தொடங்கியது. பாலைவனத்தில் கிடைத்த ஒரு ஜாடியில் 'யாவேயும் அவருடைய அஷேராவும்' என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். அஷேரா, யாவே என்ற அந்தக் கடவுளின் துணைவியா, வெறும் மரத்தூணா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். அடுத்த பக்கத்திலேயே, அவர்களுடைய ராஜா யோசியா அவள் உருவத்தைக் கோயிலிலிருந்து வெளியே கொண்டுபோய் எரித்தான் என்றும் எழுதுகிறீர்கள். வெறும் மரத்தை அவ்வளவு கோபத்தோடு யாரும் எரிக்க மாட்டார்கள். தன் ஜனங்கள் வேறொரு தெய்வத்தை நாடினால் அந்தக் கடவுளுக்குப் பொறாமை வரும் என்கிறீர்கள். இல்லாத ஒருத்தியைக் கண்டு யாருக்காவது பொறாமை வருமா?

எனக்கு வந்தது அந்த அத்தியாயத்தில்தான். ஓரத்தில் சில திருத்தங்கள் இருந்தன. உங்கள் எழுத்து சாய்ந்து ஓடும். ஓரத்து எழுத்து உருண்டை உருண்டையாக, கோலம் போட்டுப் பழகிய கை எழுதியது மாதிரி இருந்தது. ஜெருசலேமில் தமிழ் எழுதுகிற பெண் யார்? ஐந்தாம் அத்தியாயம் வந்தபோது ஓரம் மட்டுமில்லை, முழுப் பக்கமும் அவள் கைதான். கூடவே நன்றியுரையும் அனுப்பியிருந்தீர்கள். அதில் என் பெயருக்கு மேலே கனகலட்சுமி என்று ஒரு பெயர். யார், என்ன, ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிந்தது. தீபாவளியிலிருந்து நீங்கள் முகம் காட்டிப் பேசுவதில்லை. கேமரா கெட்டுப்போய்விட்டது என்றீர்கள். அந்தக் கேமராவில்தான் அத்தியாயங்களைப் படம் பிடிக்கிறீர்கள் என்பதை மறந்துவிட்டீர்கள். பேச்சும் இழுத்து இழுத்து வருகிறது. பக்கத்தில் யாரோ இருப்பதால் அளந்து பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். அத்தை ஒருநாள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அவன் கொரலு ஏன்டி இம்புட்டுச் சன்னமாப் போச்சு" என்று கேட்டார்கள். குளிராக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். மனசுக்குள், வேறொருத்தியிடம் கொஞ்சுகிற குரல் என்று நினைத்தேன். இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

கோச்சடைக்குப் போய் உங்கள் சித்தப்பா மகன் அசோக்குமாரிடம் கேட்டேன். அவரிடம் மட்டும் வாரா வாரம் அரை மணி நேரம் பேசுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். "அண்ணே நல்லாத்தான் இருக்காரு மதினி" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரி, ஆண்பிள்ளைகள் கூட்டணி என்று நினைத்துக்கொண்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வந்து, ஐந்தாம் அத்தியாயத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையலோ பூவோ ஏதாவது தென்படுமா என்றுதான் தேடினேன். பதினேழாம் பக்கத்தில், நோட்டுக்கு அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பெயரில் பாதி தெரிந்தது. அதை எழுதிக்கொண்டு மூன்றாவது ஸ்டாப் மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் உக்கிரபாண்டி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இது கை நடுக்கத்துக்குக் குடுக்குறது டீச்சர். பார்க்கின்சன்னு சொல்லுவாங்கள்ல, அது. யாருக்கு, அப்பாவுக்கா?" என்று கேட்டார். தெரிந்தவர்களுக்கு என்று சொன்னேன். காட்டாத முகம், இழுக்கிற பேச்சு, சன்னமான குரல், எழுதாத கை எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு நடந்துதான் வந்தேன். வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

மறுபடியும் கோச்சடைக்குப் போனேன். இந்தத் தடவை கேட்கவில்லை, உங்களுக்கு என்ன நோய் என்று நானே சொன்னேன். அசோக்குமார் உட்கார்ந்துவிட்டார். "கருப்பு மேல சத்தியம் வாங்கிட்டாரு மதினி. நான் என்ன செய்ய" என்றார். கனகலட்சுமி உசிலம்பட்டிக்காரி, நீங்கள் இருக்கும் கட்டடத்தில் கீழ்வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள், வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரம் வந்து நீங்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறாள் என்றெல்லாம் அப்புறம்தான் சொன்னார். அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு மாதமாக மனசுக்குள் என்னென்னவோ பேசியிருக்கிறேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனாலும் ஒன்று. உங்கள் வாக்கியங்களை முதலில் கேட்கிறவள் அவள், நான் இரண்டாவது ஆள் என்று நினைக்கும்போது இன்னமும் எரிகிறது.

நான் பயந்துவிடுவேன் என்றுதான் மறைத்தீர்களாம். எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. பக்கத்தில் இருந்தால் உங்களுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன், அதைச் சகிக்க முடியாது என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில் புத்தகத்தை முடித்துவிட்டு, அப்புறம் நிதானமாகச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நான் நினைப்பது தப்பென்றால் தப்பு என்று எழுதுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தை நேற்று மெய்ப்புக்காக மறுபடி வாசித்தேன். பாபிலோன்காரன் வந்து கோயிலை இடித்து, ஜனங்களைச் சிறைபிடித்துப் போகிறான். தோற்றவனுடைய சாமியும் தோற்றுப்போனதாக நினைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம் என்கிறீர்கள். இவர்கள் மட்டும், அவனை ஏவியதே எங்கள் சாமிதான், அவரைத் தவிர வேறு கடவுளே கிடையாது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் தடவை தட்டச்சு செய்தபோது, தோற்றவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். நேற்று அப்படித் தோன்றவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்று மிஞ்சும்போது, அது பெரிதாகத்தான் தெரியும். இரண்டு எழுத்துப்பிழைகள் மட்டும் திருத்தியிருக்கிறேன்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர்களும் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. ஜனவரியில் உங்களுக்குத் தெரியாமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். நேரில் வந்து உங்களையும் அவளையும் நிற்கவைத்துக் கேட்டுவிட வேண்டும் என்ற கோபத்தில் செய்தது. போன வாரம் கைக்கு வந்துவிட்டது. தலைமையாசிரியையிடம் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசா கிடைத்ததும் கிளம்புகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள். எழுதினால் இன்னும் எதையோ ஒளிக்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சண்டை போடத்தான் பாஸ்போர்ட் எடுத்தேன். இப்போதும் சண்டை போடத்தான் வருகிறேன். அதற்கு எதிரே ஆள் தெம்பாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள். மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கருப்பும் என் வீட்டுச் சாமியும் அந்த ஊர்க் கடவுளும், யாருக்கு யார் மேல் பொறாமை இருந்தாலும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் வந்து சேரும்வரை உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

என்றும் உங்கள்
முனீஸ்வரி