தாய்மாமன் இல்லாத கல்யாணம்

மேல் பிரிவு,
கந்தப்பளை.
9.3.2025

அன்பும் மரியாதையும் உள்ள ராக்காயி அக்காவுக்கு,

தம்பி செல்லசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜீவராணியும் மகள் பிரியந்தியும் சுகம். கோத்தகிரியில் நீங்களும், புகுந்த வீட்டில் ரஜனியும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று நம் தோட்டத்து மாரியம்மனிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்து ஊர் வந்த நாளிலிருந்து உங்களுக்குப் போன் எடுத்துப் பார்க்கிறேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் போட்டதை நீங்கள் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் பழையபடி கடுதாசி எழுத உட்கார்ந்தேன். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். கூடப்பிறந்தவன் கையெழுத்தைப் பார்த்த பிறகு படிக்காமல் வைக்க உங்களுக்கு மனசு வராது.

இங்கே பனி போய் வெயில் ஏறிவிட்டது. கொழுந்து குறைவு. தேயிலை ஸ்டோரில் பாதி நாள்தான் மெசின் ஓடுகிறது. ஜீவராணிக்கு முழங்கால் வலி, இருந்தாலும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். பிரியந்தி கொழும்பில் அதே துணிக்கடையில்தான் நிற்கிறாள். லீவில் வந்து போனாள். அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் கோபத்தில் இல்லை அக்கா. நீங்கள் போனை எடுக்காமல் இருப்பது அந்தப் பயத்தினால் என்றால், அதை விட்டுவிடுங்கள்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நான் இறங்கியபோது உங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீங்கள் மச்சானோடு கோச்சி ரயில் ஏறிப் போனபோது எனக்குப் பதினாலு வயது. பிரஜாவுரிமைக்கு உங்கள் மாமனார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், நம் அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். அதற்குப் பிறகு குரலைக் கேட்டிருக்கிறேன், போனில் முகத்தைப் பார்த்திருக்கிறேன், கையைப் பிடித்ததில்லை. நீங்கள் ஓடி வந்து என் முகத்தைத் தடவி அழுதீர்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மாப்பிள்ளை வீட்டுல நம்மள திருச்சிப் பக்கம்னு சொல்லி வச்சிருக்கேன். சிலோன்னு வாயத் தொறந்துடாத சாமி" என்றீர்கள்.

அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நம் பூட்டன் கிளம்பி வந்த ஊர் முசிறிப் பக்கம்தானே. போதாததற்கு நான் வந்த விமானமும் திருச்சியில்தான் இறங்கியது. "திருச்சியிலருந்துதான வாறேன், பொய்யில்லையே" என்று சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று வரிசையில் நின்ற ஒருவர் சிங்களத்தில், சொந்த ஊருக்கா போறீங்க என்று என்னிடம் கேட்டிருந்தார். அவரிடமும் ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆமாம் சொல்வது நமக்குப் பழகிப்போன வேலை.

உங்கள் வீட்டைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. இரண்டு அறை, கேஸ் அடுப்பு, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ், ரேசனில் அரிசி, பெண்களுக்கு பஸ்ஸில் காசில்லை. ரஜனி காலேஜ் முடித்த போட்டோவைச் சுவரில் மாட்டியிருந்தீர்கள். நாங்கள் இன்னும் வெள்ளைக்காரன் கட்டின லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில், தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்துக்கொண்டு இருக்கிறோம். வீடு கட்டித் தருகிறார்கள் என்று உங்களிடம் போனில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அத்திவாரம் வெட்டினார்கள், அதோடு சரி. அந்தக் குழியில் இப்போது புல் மண்டிக் கிடக்கிறது. இதை நான் உங்களிடம் சொன்னதே கிடையாது. அக்கா தாய்நாட்டுக்குப் போய் மேலே வந்துவிட்டாள், நான் இங்கேயே கிடந்துவிட்டேன் என்று உங்களுக்குப் படக்கூடாது என்பதற்காக.

அப்புறம்தான் நீங்கள் சொன்னீர்கள், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துவிட்டுப் போனார்கள் என்று. அந்த வீடு அரசாங்கத் தோட்டத்து வீடு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாற்பது வருசம் கொழுந்து பறித்த பிறகும் உங்கள் பேரில் ஒரு கைப்பிடி மண் இல்லை. இங்கே எனக்கும் இல்லை. அங்கே பட்டணத்துக்காரர்கள் உங்கள் வரிசையைச் சிலோன் காலனி என்கிறார்கள், பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசிக்கிறார்கள் என்றீர்கள். மச்சான் இருந்திருந்தால் ஒரு பேச்சுத் துணையாவது இருந்திருக்கும். ஒற்றைப் பெண், சொந்த வீடுள்ள இடத்தில் போய் விழுந்தால் போதும் என்று நீங்கள் நினைத்ததில் என்ன குற்றம்?

ஜீவராணி கொடுத்துவிட்ட தேயிலைப் பொட்டலங்களை நீங்கள் பிரித்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டினீர்கள். உறையைக் கசக்கி அடுப்படிக் கூடைக்குள் ஆழமாகத் தள்ளினீர்கள். அவள் நுவரெலியாவில் ஏறி இறங்கித் தேடி எடுத்த சேலையை கோயம்புத்தூர்க் கடைப் பையில் மாற்றி வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவும் எனக்குக் கோபமில்லை.

மேட்டுப்பாளையத்து மண்டபத்தில் நான் அதிகம் வாயைத் திறக்கவில்லை. பால் போடாத பிளேன்டி கேட்டுவிட்டு, கொண்டு வந்தவர் விழிப்பதைப் பார்த்துப் பயந்து, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடையிலிருந்து "தாய்மாமன் வாங்க" என்று கூப்பிட்டபோது எனக்கு உடம்பு தானாக எழும்பிவிட்டது அக்கா. பாதி எழுந்த பிறகுதான் பார்த்தேன், உங்கள் காலனி பொன்னையா அண்ணன் மேடையேறிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் மாலை போட்டார்கள், தலையில் துண்டு கட்டினார்கள். என் பேச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்று நீங்கள் அப்படி ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். அவரும் அந்தக் காலத்தில் பதுளையிலிருந்து போனவர்தானே, பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. ரஜனி அங்கிருந்து கண்ணால் என்னைத் தேடினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்தார். நல்ல மனசுள்ள அம்மா. எனக்கு இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "பொண்ணுக்கு அப்பனும் இல்லீங்க, தாய்மாமனும் செத்துப் போயிட்டாருங்களாமா, மொறைக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரை நிறுத்தியிருக்காங்க. அந்தம்மா ஒத்தையா நின்னு கட்டிக் குடுக்கறாங்க, பாவமுங்க. உங்களுக்கு அந்தத் தாய்மாமனைத் தெரியுங்களா?" என்று கேட்டார்.

உருட்டிய சோற்றை இலையிலேயே வைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியுங்க. நல்ல மனுசன்" என்றேன். என்ன ஆச்சு அவருக்கு என்று கேட்டார். "காய்ச்சல்னாங்க" என்றேன். நிமிர்ந்தபோது, பந்தி விசாரிக்க வந்த நீங்கள் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றீர்கள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் திரும்பி உள்ளே போனீர்கள். பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை.

நீங்கள் அப்படிச் சொல்லி வைத்ததைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டேன். தம்பி இருக்கிறான் என்றால் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், ஏன் வரவில்லை என்று ஆயிரம் கேள்வி வரும். இல்லை என்றுவிட்டால் ஒரு கேள்வியும் இல்லை. நீங்கள் பயத்தில் சொன்னீர்கள். நான் எதற்குச் சொன்னேன்? என்னை யாரும் மிரட்டவில்லையே. உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை அக்கா. அந்த மண்டபத்தில் எல்லார் செருப்பும் சட்டையும் பளபளவென்று இருந்தது. என் காலில் பித்த வெடிப்பு, கைநகத்தில் தேயிலைக் கறை. இந்தக் கோலத்தில் தாய்மாமன் என்று மேடையேறுவதைவிடச் செத்துப்போன நல்ல மனிதனாக இருப்பது அந்த நிமிசம் எனக்குச் சுகமாக இருந்தது. அதுதான் என்னைத் தின்கிறது.

இங்கே வந்தால் லயமே கூடிவிட்டது. நாற்பது வருசத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவளைப் பார்த்துவிட்டு வந்தவன், அதுவும் தாய்மாமன் மரியாதை வாங்கப் போனவன் அல்லவா. மாலை போட்டாங்களா, துண்டு கட்டினாங்களா என்று கேட்டார்கள். பொன்னையா அண்ணனுக்கு நடந்ததையெல்லாம் எனக்கு நடந்ததாகச் சொன்னேன். பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பக்கத்துக் காம்பரா அம்மா, "நம்ம சனத்துக்கு அங்கயாவது ஒரு மதிப்பு இருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீவராணி போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தாள். சேலையை ரஜனி கட்டியிருந்தாளா, எப்படி இருந்தது என்று கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போன இடத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். "மதினி மேல எனக்குக் கோவம் இல்லைங்க. பொம்பள தனியா நிக்கிறாங்க, என்ன செய்வாங்க? நீங்க எதுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க? அத யாரு உங்கள கேட்டா?" என்றாள். கழுத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் தாலியோட உக்காந்திருக்கேன்ல" என்றாள். விறகுக் கட்டைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

பிரியந்தி விசயம் இதுதான். கொழும்பில் கூட வேலை செய்கிற பிள்ளைகளிடம் அவள் நுவரெலியா டவுன் என்று சொல்லிக்கொள்வதாக எனக்கு முன்பே காதில் விழுந்தது. தோட்டத்துப் பிள்ளை என்று சொல்ல என்ன வெட்கம் என்று சத்தம் போட்டிருக்கிறேன். இந்த முறை லீவில் வந்தவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "எங்க அப்பா டவுன்ல கடை வச்சிருக்காரு" என்கிறாள். உள்ளே போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை. வந்த வழியே தண்ணீர்ப் பீலிக்குத் திரும்பிப் போய், நிறைந்திருந்த வாளியைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். வந்தபோது அவள் வாசலில் நின்று, "அப்பா, நான் பேசுனது கேட்டுச்சா?" என்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது. "இல்லையே" என்றேன். அந்தப் பிள்ளையாவது என்னைக் கடைக்காரனாக உயிரோடு வைத்திருக்கிறாள்.

லயத்து ஆட்களிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

இந்தக் கடுதாசியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இலங்கை முத்திரையோடு வந்தால் உங்கள் காலனியில் நாலு பேர் பார்ப்பார்கள், சம்பந்தி வீட்டார் வந்திருக்கும் நேரமாகவும் போய்விடலாம். நம் லயத்து விஜிதரன் அடுத்த வாரம் திருச்சிக்குப் போகிறான். அவன் கையில் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ரஜனி நல்ல இடத்தில் இருக்கிறாள். அந்தப் பெரியம்மாவைப் போன்றவர்கள் இருக்கிற வீட்டில் அவளுக்கு ஒரு கெடுதலும் வராது. என்றைக்காவது ஒருநாள் அவளே அவள் புருசனிடம் சொல்லிக்கொள்ளட்டும், அவசரமில்லை. நானாக அங்கே வந்து நிற்க மாட்டேன். அவளுக்குக் குழந்தை பிறந்தால் ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கள். நூறு வருசம் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கட்டும் பிள்ளை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எனக்கும் வயதாகிறது, ஸ்டோர்த் தூசியில் நெஞ்சு முன்னைப்போல இல்லை. நான் நிசமாகவே போகிற அன்றைக்கு ஜீவராணி உங்களுக்குப் போன் பண்ணுவாள். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யாருக்காக அழுகிறேன் என்று சொல்வீர்கள்? ஏற்கெனவே செத்தவனுக்கு இன்னொரு தரம் வாய்விட்டு அழ உங்களை யார் விடுவார்கள்? அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அழ வேண்டியதை இப்போதே அழுதுவிடுங்கள் அக்கா, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை மணி அடிக்கும்போது போனை எடுங்கள்.

உங்கள் தம்பி,
செல்லசாமி