நிலா உண்டான விதமும் என் மகளும்

2025 மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பிள்ளைக் காம்பராவுக்குப் பதினொரு பிள்ளைகள். அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனபிறகு எல்லாரும் என் பொறுப்பு. மத்தியானம் தூங்க வைத்த நேரம் மகள் லோஜினி போன் எடுத்தாள். பேராதனை கம்பஸில் கல், மண் பற்றிய படிப்பு, கடைசி வருசம். பூமியும் நிலாவும் உண்டானது பற்றி எல்லார் முன்னாலும் இங்கிலீசில் பேச வேண்டுமாம். ஒத்திகையில் இரண்டாவது வசனத்திலேயே நின்றுவிட்டாளாம். யாரோ சிரித்தார்களாம்.

"என்னால ஏலாதும்மா. விட்டுட்டு வந்துர்றேன். கொழும்புல கடை வேலைக்காவது போறேன்."

சரி வந்துருன்னு சொல்லிட்டேனா? இல்லை. நல்லவேளை.

மார்ச் 5

என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

நானே போன் எடுத்தேன். "எனக்கு இங்கிலீசு தெரியாது. அந்த நிலா கதைய எனக்குத் தமிழ்ல சொல்லு பாப்போம்."

முதலில் அழுதாள். அப்புறம் சொன்னாள். வேகமாகச் சுற்றின பூமியிலிருந்து பிய்ந்து போன துண்டுதான் நிலா என்று முன்பு ஒருவர் சொன்னாராம். எங்கோ போன நிலாவைப் பூமி இழுத்துப் பிடித்தது என்றார்களாம் வேறு சிலர். இப்போது பெரும்பாலானோர் நம்புவது வேறு. நானூற்றைம்பது கோடி வருசத்துக்கு முந்தி, செவ்வாய்க் கிரகம் அளவு உருண்டை ஒன்று பூமியில் வந்து மோதியது. தேயா என்று அதற்குப் பேர். சிதறினதெல்லாம் பூமியைச் சுற்றிச் சுற்றி ஒன்றுசேர்ந்து நிலாவானது. அங்கிருந்து கொண்டுவந்த கல், நம்ம கல் மாதிரியே இருக்கிறதாம்.

"மோதுனது வேற ஒன்னுதானே? அப்ப நிலாக் கல்லு எப்படி நம்ம கல்லு மாதிரி இருக்கும்?" என்று கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

அழுதவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா, அதத்தான் பெரிய ஆளுங்களே இன்னும் தேடுறாங்க. ரெண்டும் உருகிக் கலந்திருச்சுன்னு சிலர் சொல்றாங்க. தேயாவும் பூமிக்குப் பக்கத்துலயே உண்டானதுன்னு சிலர்." சொல்லச் சொல்ல குரலில் தெம்பு ஏறியது. என் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! பயம் மட்டும்தான்.

மார்ச் 13

தினமும் மத்தியானம் போன். நேற்று தமிழில், இன்று இங்கிலீசில். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நிற்காமல் பேசினாள். பதினாறு நிமிசம்.

மார்ச் 19, புதன்

பேசிவிட்டாள்!! பேச்சு முடிந்ததும் ஒரு புரொபெசர் அம்மா நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாராம். பதில் சொல்லிவிட்டு, "இத முதல்ல கேட்டது எங்கம்மா, தோட்டத்துல பிள்ளைங்கள பாத்துக்கிறவங்க" என்றாளாம்.

"அத ஏன்டி அங்க போய்ச் சொன்ன?"

"உண்மைதானேம்மா."

திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் சந்தோசம்தான்.

செப்டெம்பர் 2

லோஜினி கடைசிச் சோதனையில் முதலாம் வகுப்பில் பாஸ். கம்பஸிலேயே தற்காலிகமாகப் படிப்பிக்கும் வேலையும் கொடுத்திருக்கிறார்கள். இவர் லயத்தில் எல்லா வீட்டுக்கும் ரொட்டி கொடுத்தார்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

மலையில் ஆட்களிடம் வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா காம்பரா வாசலில் நின்று, "மக என்னதான் படிச்சிச்சு?" என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் "கம்பஸ்ல ஐயா" என்று சொல்லி ஒதுங்கியிருப்பேன். இன்று பூமி இறுகாமல் கொதித்த காலத்திலிருந்து தொடங்கினேன். தேயா வந்து மோதுகிற இடத்தில் மழை பிடித்தது. ஐயா குடையை விரித்தார். போகவில்லை.

"அப்புறம்?" என்றார்.