ஸ்கேட்ஸில் குங்குமம்

தாரிணிக்கு,

காலையிலிருந்து டீ போடுகிறேன், ஆறவிடுகிறேன், திரும்பப் போடுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. உன்னைக் கூப்பிட ஒன்றும் நான் எழுதவில்லை. தோஹா வேலை பிடித்திருந்தால் அங்கேயே இரு.

நேற்று ஆயுத பூஜை. உன் ஐஸ் ஹாக்கி டீம் பெண்கள் ஆளுக்கொரு ஜோடி ஸ்கேட்ஸோடு நம் முவைலா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல் வருஷம் உன் ஸ்கேட்ஸ் பிளேடில் நான் வைத்த குங்குமம் ஐஸில் சிவப்பாய் இழுக்க, ரத்தம் என்று ரெஃபரி மேட்சை நிறுத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? தோற்றுக்கொண்டே இருந்த டீம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஜெயித்தது. அதிலிருந்து ரஷ்யாக்காரி, பிலிப்பைன்ஸ்காரி எல்லோருக்கும் நான் பொட்டு வைத்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மேட்சில் உன் இடத்தில் கோல் காக்க ஆள் இல்லாவிட்டால் டீமையே கலைத்துவிடுவார்களாம். பொரிகடலை கொடுத்து அனுப்பினேன்.

அப்பா ரூமை விட்டு வெளியே வரவில்லை. 'பல்லை உடைத்துக்கொள்கிற விளையாட்டா, கல்யாணமா?' என்று கத்தி, உன் ஸ்கேட்ஸ் பையை லிஃப்ட் வாசலில் எறிந்தவர் எந்த முகத்தோடு வருவார்? அந்தப் பையை எடுத்துக் கட்டிலடியில் வைத்தது நான்தான்.

சாயங்காலம் விளக்கைக் குளிரவைக்கப் போனால், சாமி முன்னால் உன் ஸ்கேட்ஸ் இருந்தது. நான் வைக்கவில்லை. பளபளவென்று துடைத்து, சந்தனம் மட்டும் வைத்திருந்தது. நான் குங்குமத்தை எடுத்தேன். பின்னாலிருந்து அப்பா சொன்னார்:

"வேண்டாம். வெள்ளிக்கிழமை மேட்சை நிறுத்திவிடப் போகிறார்கள்."

அம்மா