நீங்கள் அன்று கேட்காத கேள்வி

புவான்,

இன்று காலை கிள்ளான் நீதிமன்றத்தில் ஒரு வக்கீல், தன் கட்சிக்காரரின் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் நற்சான்றுக் கடிதக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். நகலெடுத்த சூடு இன்னும் தாளில் இருந்தது. நீங்கள் மறைந்து ஓராண்டாகிறது. கட்டைக் கையில் வாங்கியதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது.

அன்று நீங்கள் மாஜிஸ்திரேட், மலாயில் எல்லோரும் 'புவான்' என்று மரியாதையாக அழைக்கும் அம்மா; நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். டத்தோ என்ற அரசுப் பட்டம் பெற்ற ஒரு தொழிற்சாலை முதலாளி, ஒரு குடியிருப்பு வாசலில் தன் காரை மறித்து நுழைவுப் பாஸ் கேட்ட காவலாளியை அடித்திருந்தார். காவலாளிக்கு ஒரு கண்ணில் பார்வை போயிற்று. டத்தோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோயில் தலைவர், பள்ளி வாரியம், டாக்டர் என்று அவருக்காகப் பதினெட்டுக் கடிதங்கள் வந்தன. காவலாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அபராதமும், அன்று மாலையே முடிந்துவிடும் பெயரளவு ஒரு நாள் சிறையும் விதித்தீர்கள். அடுத்த வழக்கில், பால்மாவு திருடிய லோரி உதவியாளருக்கு ஆறு மாதம்.

வெளியே காவலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ்ளோதானா அண்ணே? சரியாத்தான் சொன்னீங்களா?"

நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். மறுபடியும் சொன்னேன்.

சில வாரம் கழித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உங்களிடம் கேட்டே விட்டேன். "அந்த டத்தோவுக்காக யாராச்சும் போன் பண்ணாங்களா, புவான்?"

நீங்கள் கோபப்படவில்லை. "யாரும் பண்ணலண்ணே. பண்ணியிருந்தா உள்ள போட்டிருப்பேன் லா. அந்தாளு நின்னது, பேசினது எல்லாம் என் சித்தப்பா மாதிரியே இருந்துச்சு. ஜெயில்ல அவரை நெனச்சே பாக்க முடியல. பால்மாவு திருடினவன அங்க நெனச்சுப் பாக்க எனக்குக் கஷ்டமாவே இல்ல. அதான் நடந்துச்சு."

அதன்பிறகு, பாதிக்கப்பட்டவர் பேசி முடிக்கும்வரை எந்தக் கடிதத்தையும் நீங்கள் திறந்ததில்லை. வக்கீல் இல்லாமல் நிற்பவர்களிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டீர்கள். வழக்குகள் மதியம் தாண்டி இழுத்தன. எல்லோருக்கும் எரிச்சல், எனக்கும்தான்.

காவலாளிக்கு அதனால் எதுவும் மாறவில்லை. பின்னர் ஒருமுறை செந்தூலில் அவரைக் கண்டேன். என்னைப் பார்க்க அவர் முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

இப்போது இருக்கும் மாஜிஸ்திரேட் அப்படியெல்லாம் கேட்பதில்லை. இன்று வக்கீல் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவர், "மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொல்லி நின்றார். சொன்னதை மொழிபெயர்ப்பதோடு என் வேலை முடிகிறது. ஆனாலும் எழுந்து, இவர் இன்னும் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்க அனுமதி கேட்டேன். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார்.

அந்த மனிதர் தன் மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.